கொஞ்சம் நீலம்

ஊருக்கு நல்லது சொல்லப் போய் வம்பில் மாட்டிக்கொள்வதில் ஜெயராணியை மிஞ்ச அந்தத் தேயிலைத் தோட்டத்தில் ஆளில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் காளான் வளர்க்கலாம் என்று லயத்தையே கிளப்பிவிட்டவள் அவள்தான். லயத்து வரிசை வீடுகளில் காம்பராவுக்குக் காம்பரா காளான் பை தொங்கியது. காளானும் குறையில்லாமல் முளைத்தது. வாங்க வருவதாகச் சொன்ன ஆள்தான் வரவே இல்லை. ஒரு மாதம் முழுக்கக் காலையில் காளான், பகலில் காளான், ராத்திரியும் காளான் என்று தின்று தீர்த்ததில், இன்றைக்கும் அந்தப் பேரைச் சொன்னால் லயத்துப் பிள்ளைகள் ஓடி ஒளிந்துகொள்கிறார்கள்.

இந்தச் சரித்திரம் தெரிந்திருந்தும் பதினொரு வீட்டுக்காரர்கள் அவள் பேச்சைக் கேட்டு மறுபடி மண்வெட்டியைத் தூக்கினார்கள். அதற்குக் காரணம் அவளுடைய வாய்ச் சாமர்த்தியம் பாதி, மாட்டுத் தீவனம் விற்கிற விலை பாதி.

விஷயம் இதுதான். ஹேவாஹெட்டப் பக்கத்து மலைகளில் மாடு வைத்திருக்கிறவர்கள் கொட்டிலைக் கழுவிய தண்ணீரை அப்படியே வடிகால் கானில் விட்டுவிடுவார்கள். கான் ஓடையில் விழும். ஓடை ஆற்றில் விழும். ஆறு போய் விக்டோரியா நீர்த்தேக்கத்தில் நிற்கும். சாணத்தில் பொஸ்பேட் என்று ஒரு சத்து இருக்கிறது. அதைத் தின்று நீர்த்தேக்கத்தில் பாசி கொழுக்கும். சவர்க்காரத் தூளிலும் அதே சத்து உண்டு. திகனயில் லோன்றி வைத்திருக்கும் ஹாஷிம் முதலாளி, கண்டி ஹோட்டல்களின் வெள்ளை விரிப்புகளைத் துவைத்துத் துவைத்து விடுகிற நுரையும் அதே நீர்த்தேக்கத்துக்குத்தான் போகிறது.

இதற்கென்று கண்டியில் சிலர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். சட்டம் கிடையாது, கட்டாயம் கிடையாது, விரும்பினவர்கள் சேரலாம். மேலே இருக்கிறவர்கள் அழுக்கைக் குறைத்தால், குறைத்த அளவுக்குப் புள்ளி கிடைக்கும். தன் அழுக்கைக் குறைக்க வழியில்லாதவர் அந்தப் புள்ளியை வாங்கிக் கணக்கை நேர் செய்துகொள்ளலாம். லோன்றியில் புது இயந்திரம் பூட்டுவதைவிட மலையில் பதினொரு குழி வெட்டுவது லேசு. எந்தப் பக்கத்தால் குறைந்தாலும் நீர்த்தேக்கத்துக்கு லாபம்தானே. புள்ளிக்குப் பணம் தந்தால் பதினொரு வீட்டுக்குள்ளும் பதினொரு சண்டை வரும், புண்ணாக்கு மூட்டையாகவே தந்துவிடுங்கள் என்று கூட்டத்தில் எழும்பி நின்று கேட்டு வாங்கியவளும் ஜெயராணிதான்.

ஆறு மாதம் பாடுபட்டார்கள். கொட்டிலுக்கு ஒரு சாணக் குழி வெட்டினார்கள். ஓடையை ஒட்டியிருந்த இரண்டு கொட்டில்களைப் பிரித்து மேட்டில் கட்டினார்கள். கரை நெடுகப் புல் நட்டார்கள். சங்கம் கொடுத்த சோதனைப் பெட்டியை வைத்துக்கொண்டு ஜெயராணி ஞாயிறு தவறாமல் தண்ணீரைச் சோதித்தாள். குழாயில் தண்ணீரை அளந்து ஊற்றி, மருந்துத் தூளைக் கொட்டி, பத்து நிமிடம் பொறுத்தால் நீல நிறம் வரும். நீலம் கூடினால் அழுக்குக் கூட, குறைந்தால் அழுக்குக் குறைவு. முதல் ஞாயிறு பேனை மையாக வந்த நீலம், போன ஞாயிறு வெளுத்துப்போன பாடசாலைச் சட்டைக்குப் போட்ட நீலம் மாதிரி மெலிந்து நின்றது. அன்றைக்கு அவளுக்குச் சோறே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் அவள் வீட்டுச் சோதனை புள்ளியில் சேராது. சங்கத்து ஆள் வந்து எடுத்தால்தான் கணக்கு. அந்த நாளும் வந்தது. இன்றைக்குத் தவறினால் அடுத்த சோதனை ஆறு மாதம் கழித்துத்தான். அதற்குள் என்ன நடக்கும் என்பதை இரண்டு கறவை வைத்திருக்கும் சுப்பம்மா கோயில் வாசலில் வைத்து எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டாள்.

"இந்த மொற சரிப்பட்டு வரலேன்னா, மறுநாள் விடிஞ்சதும் மொத வேலையா என் கொட்டிலு கான ஆத்துக்கே தொறந்து விட்டுருவேன். அப்புறம் தங்கமே தாரேன்னு சொன்னாலும் குழி, புல்லுன்னு பேசிக்கிட்டு யாரும் என் வாசப்படிக்கு வரக்கூடாது."

சுப்பம்மா திறந்தால் மற்றப் பத்துப் பேரும் திறப்பார்கள். அது லயத்தில் எல்லோருக்கும் தெரியும். காளானாவது ஒரு மாதத்தில் தின்று முடிந்தது. இது போனால் ஜெயராணி இனி மழை வருகிறது என்று சொன்னால்கூட யாரும் காயப்போட்ட துணியை எடுக்க மாட்டார்கள்.

ஆவல் தாங்காமல் விடியுமுன்னே புருஷன் கணேஸின் ஓட்டோவில் கிளம்பி, பெரிய ரோட்டில் காத்துக் கிடந்து, காலை ஒன்பது மணிக்கு வந்தவர்களை ஏற்றிக்கொண்டாள். சோதிக்க வந்தவள் நிரஞ்சனி, கண்டி டவுன்காரப் பிள்ளை. சங்கத்தில் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. மடியில் போத்தல் பெட்டி, காலில் பெரிய சப்பாத்து. ஹாஷிம் முதலாளியும் வந்திருந்தார். பொருளைக் கண்ணால் பார்க்காமல் வாங்குகிற பழக்கம் அவருக்கு இல்லை. வழி நெடுக அவர் புள்ளியைப் பற்றிக் கேட்டுக்கொண்டே வந்தார். அவருடைய லோன்றிக்கு அறுபது புள்ளி வேண்டியிருந்தது.

வளைவு திரும்பியதும் கீழே ஓடை தெரிந்தது. ஜெயராணி ஓட்டோவிலிருந்து தலையை வெளியே நீட்டிப் பார்த்தாள்.

ஓடை வெள்ளையாக இருந்தது. கரைக் கல்லெல்லாம் வெள்ளை. இறங்குகிற படி வெள்ளை. கானோரம் நேர்கோடாக வெள்ளை. தண்ணீருக்குள் கிடந்த கற்களும் வெள்ளை.

தோட்டத்தில் பெரிய ஆட்கள் யார் வந்தாலும் சுண்ணாம்பு அடிப்பது மரியாதை. ஏஜண்டு துரை வந்த காலத்திலிருந்து இருக்கிற வழக்கம். மந்திரி வந்தால் வெள்ளை, மாட்டு டொக்டர் வந்தாலும் வெள்ளை. யார் வருகிறார், எதற்கு வருகிறார் என்று கேட்பதில்லை. ஆள் வருகிறார் என்றால் கையில் சுண்ணாம்பு மட்டையை எடுத்துவிடுவார்கள். கோயில் தலைவர் ராஜலிங்கத்திடம் திருவிழாவுக்கு அடித்ததில் மிச்சம் இரண்டு மூட்டை சுண்ணாம்பு கிடந்திருக்கிறது. ஜெயராணி இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி வைக்கவில்லை. இதையெல்லாம் சொல்ல வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

முழங்கை வரைக்கும் வெள்ளையாகச் சுப்பம்மா ஓடிவந்தாள். அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்து ஜெயராணிக்கு வருடக்கணக்காகிறது.

"விடியக்காலையிலயே எறங்கிட்டோம் மிஸ். கல்லுல மட்டும் அடிச்சா பத்தாதுன்னு தண்ணிக்குள்ளயும் நல்லாத் தூவி விட்டிருக்கோம். அடியில கெடக்குற கல்லு வரைக்கும் பளிச்சுன்னு தெரியுது பாருங்க."

அவள் சொன்னதை நிரஞ்சனி முழுதாகக் கேட்கவில்லை. ராஜலிங்கம் மடிப்புக் கலையாத சட்டையில், சந்தனக் கிண்ணமும் கற்கண்டுமாக அவளை மறித்துக்கொண்டு வரவேற்றுக்கொண்டிருந்தார். "ரொம்ப அழகா வச்சிருக்கீங்க" என்று அந்தப் பிள்ளை எல்லோரையும் பார்த்துச் சொல்லிவிட்டு ஓடைக்கு இறங்கினாள்.

கடைசிக் கொட்டிலுக்குக் கீழே, சோதனைக்கென்று முளையடித்த இடத்தில் தண்ணீரை அள்ளினாள். குழாயில் ஊற்றினாள், தூளைக் கொட்டினாள், கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். லயமே கரையில் கூடி நின்றது. பத்து நிமிடம் போயிற்று. நீலம் வரவில்லை. இன்னொரு குழாயில் செய்தாள். அதிலும் இல்லை.

"சைபர். நான் இதுவரைக்கும் எங்கேயும் சைபர் பாத்ததில்ல. உங்களுக்குத் தொண்ணூறு புள்ளிக்கு மேல வரும் போல."

லயம் சந்தோஷத்தில் பொங்கியது. ஹாஷிம் முதலாளி இரண்டு கையையும் தேய்த்துக்கொண்டார்.

"எனக்கி அறுபதுதான் தேவ. மிச்சத்தையும் நானே எடுக்கிறன். இனி லோன்றில ஒண்டும் மாத்தத் தேவயில்ல. நல்ல வேல செஞ்சீக்கிறீங்க புள்ள."

பதினொரு வீட்டுக்கு எத்தனை மூட்டை புண்ணாக்கு என்று பின்னாலிருந்து யாரோ விரல் விட்டு எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். ராஜலிங்கம் கற்கண்டுத் தட்டைச் சுற்றுக்கு விட்டார். நிரஞ்சனி ரெஜிஸ்டரைத் திறந்து, பேனையை ஜெயராணியிடம் நீட்டினாள்.

"நீங்கதான் பொறுப்பாளர் அக்கா. இங்க ஒரு கையெழுத்து வைங்க. நான் அளவ எழுதுறேன்."

ஜெயராணி பேனையை வாங்கினாள். வாங்கிக்கொண்டு ஓடையின் வெள்ளைக் கல்லைப் பார்த்தாள்.

பயிற்சியில் சொல்லிக் கொடுத்தது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. சாம்பல் போட்டுப் போத்தலைக் கழுவாதே, கையில் சுண்ணாம்பு பட்டால் கிட்டவே வராதே, மருந்து செத்துவிடும், பிறகு எவ்வளவு அழுக்கு இருந்தாலும் நீலம் காட்டாது. கூடவே இன்னொன்றும் சொன்னார்கள். தண்ணீரில் எதையாவது போட்டது தெரிந்தால் சோதனை ரத்து, அவ்வளவுதான்.

கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்தால் என்ன. ஒருவருக்கும் தெரியாது. இன்றைக்கே அவளைத் தோளில் தூக்கி வைத்து ஆடுவார்கள். காளான் பேச்சு அத்தோடு தீர்ந்தது. அவளுக்கு ஆசை இல்லாமல் இல்லை. கை கூட ஒருமுறை தாளை நோக்கிப் போனது. அப்போது மேட்டில் இருந்த குழிகள் கண்ணில் பட்டன. மழையில் வழுக்கி விழுந்து விழுந்து வெட்டியவை. கணேஸுக்கு அதில் இடுப்புப் பிடித்து இரண்டு கிழமை ஓட்டோ ஓடவில்லை. இந்தச் சைபரில் அந்தக் குழிகளுக்கு ஒரு பங்கும் கிடையாது. இரண்டு மூட்டை சுண்ணாம்பு ஒரே காலையில் வந்து நல்ல பேரையெல்லாம் தட்டிக்கொண்டு போகப் பார்க்கிறது. அவளுக்கு வந்தது பயமில்லை, சுத்தமான கோபம்.

"மிஸ், இது பொய் சைபர்" என்றாள். "இவுங்க தண்ணியில சுண்ணாம்பு போட்டிருக்காங்க. ஒங்க மருந்து செத்துப்போச்சு. போன ஞாயித்துக்கெழம நானே பாத்தேன், கொஞ்சம் நீலம் வந்துச்சு. அதுதான் எங்க கணக்கு."

கற்கண்டு மெல்லுகிற சத்தம் நின்றது. சுப்பம்மாவின் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

"அடி பாவி" என்றாள் அவள், சத்தம் போடாமல். "வந்தத ஒன் வாயாலயே வேணாங்கிறியே. ஒனக்கு என்னா கெட்ட காலமோ."

"வேணாம்னு சொல்லலக்கா. நம்ம குழிக்கு வரவேண்டியது வரட்டும்னு சொல்றேன். இன்னைக்குச் சைபர்னு எழுதிட்டா, ஆறு மாசத்துக்கு ஒரு தரம் சுண்ணாம்பு கொட்டிக்கிட்டே இருக்கணும். அப்புறம் எதுக்குக் குழி?"

நிரஞ்சனியின் முகம் சிவந்துவிட்டது. வெள்ளைக் கல்லின் மேலேயே நின்றுகொண்டு கவனிக்காமல் விட்டேனே என்ற வெட்கம் அவளுக்கு. ரெஜிஸ்டரைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். ஒரு பக்கத்தில் விரலை வைத்து இரண்டு தரம் படித்தாள்.

"கையெழுத்து வச்ச பொறகு தெரிஞ்சா கேன்சல். நீங்க இன்னும் வைக்கலதானே. நாலு மணி வரைக்கும் இன்னைக்கு டெஸ்ட் நாள்தான். அதுக்குள்ள தண்ணி பழையபடி வந்தா எடுக்கலாம். வரலேன்னா நான் ஒண்ணும் செய்ய ஏலாது அக்கா."

"மேல தண்ணி டாங்கியத் தொறந்து விட்டா ஒரே அடியா அடிச்சிக்கிட்டுப் போயிரும்" என்றார் ராஜலிங்கம்.

"வெளித்தண்ணி கலந்தாலும் கேன்சல் ஐயா."

அப்போது பத்தரை.  சுப்பம்மா ஓடையைப் பார்த்தாள், ஜெயராணியைப் பார்த்தாள், தன் வெள்ளைக் கையைப் பார்த்தாள். பிறகு சேலையைத் தூக்கி இடுப்பில் செருகினாள்.

"என்னா பாத்துக்கிட்டு நிக்கிறீங்க. போட்டவங்கதான் அள்ளணும். எறங்குங்க."

கொழுந்து பறிக்கிற மலையில் ஆளுக்கொரு செடி வரிசையாக நிரை பிடிப்பது மாதிரி, ஓடையிலும் நிரை பிடித்துக்கொண்டார்கள். மேலேயிருந்து கீழாக, கல்லைப் புரட்டி, அடியில் படிந்த சுண்ணாம்பை அள்ளி வாளியில் போட்டு மேட்டுக்குக் கடத்தினார்கள். வெள்ளையடித்த கல்லையெல்லாம் தூக்கிக் கரையேற்றினார்கள். கை எரிந்தவர்களுக்குத் தேங்காயெண்ணெய் வந்தது. நிரை பிந்தினவர்களைச் சுப்பம்மா பழைய கங்காணி மாதிரி விரட்டினாள். ஹாஷிம் முதலாளி கரையில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். கடிகாரத்தையும் பார்த்தார். பிறகு சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, காற்சட்டையை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு சுப்பம்மாவின் நிரையிலேயே இறங்கினார்.

"அடிச் சுண்ணாம்பக் கலக்காம அள்ளுங்க மொதலாளி" என்று அவருக்கும் ஒரு அதட்டல் விழுந்தது.

"நான் முப்பது வருஷமாத் துணிக் கற கழுவுறவன் புள்ள" என்றார் அவர்.

ஒரு மணிக்கு நிரஞ்சனி சோதித்தாள். நீலம் இல்லை. இரண்டு மணிக்கும் இல்லை. அப்போதுதான் லயத்துக்கே ஒரு விபரீத ஆசை வந்தது. ஆறு மாதமாக அழுக்குப் போகணும் போகணும் என்று பாடுபட்டவர்கள், கொஞ்சமாவது அழுக்குத் தெரியணுமே என்று சாமி கும்பிட ஆரம்பித்தார்கள். ராஜலிங்கம் முருகனுக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டார். ரொம்ப நீலமாகவும் வந்துவிடக்கூடாது, வராமலும் இருக்கக்கூடாது என்று அவர் முருகனுக்கு விளக்கிச் சொன்னதைக் கேட்டு, அத்தனை கவலையிலும் ஜெயராணிக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

மூன்று மணிக்கு ஓடை வெறும் ஓடையாகத் தெரிந்தது. மண் நிறக் கல், அதன் மேல் ஓடுகிற தண்ணீர். மூன்றரைக்கு நிரஞ்சனி கடைசித் தரம் அள்ளினாள். தூளைக் கொட்டிவிட்டுக் குழாயை ஜெயராணியின் கையில் கொடுத்தாள். ஈரச் சேலையும் ஈரக் காற்சட்டையுமாக எல்லோரும் சுற்றி நெருக்கினார்கள்.

ஐந்தாவது நிமிடம் ஒன்றும் இல்லை. ஏழாவது நிமிடம், "வருதா?" என்று சுப்பம்மா அவள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். ஜெயராணிக்குக் கண் கலங்கியதில் குழாயே தெரியவில்லை.

"வருது" என்றாள் சுப்பம்மா. "கொஞ்சூண்டு. இந்தா, இங்க. வருது."

பத்தாவது நிமிடம் நீல அளவு போட்ட அட்டையில் வைத்துப் பார்த்தார்கள். போன ஞாயிறு ஜெயராணி பார்த்த அதே நீலம்தான், ஒரு இம்மி கூடவும் இல்லை குறையவும் இல்லை. நாற்பத்தொரு புள்ளி. லயமே கைதட்டியது. அழுக்கு இருக்கிறது என்பதற்காக இத்தனை பேர் கைதட்டியதை அந்த மலை அதற்கு முன் பார்த்திருக்காது. ஜெயராணி கையெழுத்துப் போட்டாள். ஈரக் கையில் எழுத்து கோணிக்கொண்டு போனது. அவளுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை, சந்தோஷத்தில் நெஞ்சு நிறைந்து போயிருந்தாள்.

ஹாஷிம் முதலாளி காற்சட்டையைப் பிழிந்தபடி கணக்குப் போட்டார்.

"நாப்பத்தொண்டும் எனக்கிதான். இன்னும் பத்தொம்பது மிச்சம் ஈக்கிது. அதுக்கு என்ன செய்யிற?"

"உங்க லோன்றியிலயே கொறைக்கலாம் சேர்" என்றாள் நிரஞ்சனி. "இல்லேன்னா வேற யாராவது கொறைக்கணும்."

"சரி, லோன்றிப் பக்கம் நானும் ஒருக்காப் பாக்கிறன். இண்டைக்கி இவங்க செஞ்ச வேலயப் பாத்ததுக்குப் பொறகு சும்மா இரிக்க ஏலா." பிறகு அவர் ஜெயராணியின் பக்கம் திரும்பினார். "தொண்ணூறுண்டு எழுதியீந்தா நான் நம்பித்தான் வாங்கியீப்பன் புள்ள. இனி நீங்க செல்ற எந்தக் கணக்கையும் நான் வந்து பாக்கத் தேவயில்ல."

ஜெயராணி பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் சுப்பம்மா நடுவில் வந்து நின்றாள்.

"கீழ் லயத்துல பதினேழு மாடு நிக்கிது மொதலாளி. ஒருத்தன் வீட்டுலயும் குழி கெடையாது. அவுங்கள வெட்ட வச்சா ஒங்க பத்தொம்பது வருமா?"

"வரும்" என்றாள் நிரஞ்சனி.

"அப்ப இருங்க. இப்பவே பேசிட்டு வாறேன்."

ஈரச் சேலையோடு அவள் கீழே இறங்கிப் போனாள். கீழ் லயத்துக்காரர்கள் பகலிலிருந்தே இந்தக் கூத்தை எட்டி நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஜெயராணி நின்ற இடத்துக்கு அவர்கள் பேச்சு நன்றாகவே கேட்டது. ஆறு மாதமா, மழையிலா, சும்மாவா என்று ஆளாளுக்கு இழுத்தார்கள். மேலே நிற்கிற அந்தக் காளான்காரியை நம்பியா இறங்கச் சொல்கிறீர்கள் என்று ஒருவர் சிரித்தார்.

"அவள நம்பாட்டிப் போங்க" என்றாள் சுப்பம்மா. "என்னய நம்பி வெட்டுங்க. ஒண்ணும் வரலேன்னா என் வாசலுக்கு வந்து என்னக் கேளுங்க."